ரீசெட் அடித்தால் போன் வரும், போட்டோ வராது

சித்தி ராத்திரி பதினொரு மணிக்குப் பேட்டர்னை மாற்றினார். பழைய பேட்டர்னைப் பேரன் பின்னால் நின்று பார்த்துவிட்டான், கேம் விளையாடியே டேட்டாவைத் தீர்க்கிறான் என்று கோபம். மாற்றிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனை எடுத்தால், விரல் எங்கே தொடங்க வேண்டும் என்றே தெரியவில்லை. ஐந்து தடவை தப்பானதும் 30 விநாடி காத்திருக்கச் சொன்னது. காத்திருந்து மறுபடி போட்டார், மறுபடி தப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. போன் பூட்டியேதான் கிடந்தது.

சர்வீஸ் கடைத் தம்பி போனை வாங்கி இரண்டு பட்டன்களை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரீசெட் அடிச்சுப் பத்து நிமிஷத்துல தந்துடுறேன்மா. போட்டோ மட்டும் வராது."

சித்தி விடவில்லை. "ஏன் தம்பி, பூட்டை உடைக்கத் தெரிஞ்சவனுக்கு உள்ள இருக்கறத எடுக்கத் தெரியாதா?"

தம்பி சிரித்து மழுப்பிவிட்டான். ஆனால் சித்தி கேட்டது நல்ல கேள்வி. வீட்டுக்கதவின் பூட்டை உடைத்தால் வீடும் நம்முடையது, பீரோவும் நம்முடையது. போனில் மட்டும் ஏன் பூட்டு போனதும் உள்ளே இருப்பதும் சேர்ந்து போகிறது?

முன்பு அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. நோக்கியா காலத்தில் 'செக்யூரிட்டி கோட்' என்று ஒன்று கேட்கும். கடையிலிருந்து வரும்போதே அது 12345. மாற்றிவிட்டு மறந்தவர்களுக்கும் வழி இருந்தது. பழைய மாடல்களில் போனுக்குப் போன் மாறும் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு மாஸ்டர் கோடு எடுப்பார்கள். கணக்கு வெளியே கசிந்த பிறகு எந்தக் கடையிலும் அது கிடைத்தது.

ஆண்ட்ராய்டு வந்த புதிதிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நாம் வரையும் பேட்டர்ன், 'ஜெஸ்சர் டாட் கீ' என்ற ஒரு குட்டிக் கோப்பில் உருமாறிய வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டரை இணைத்து அந்தக் கோப்பை அழிக்க முடிந்தால் போதும், எந்தப் பேட்டர்ன் போட்டாலும் போன் திறந்துகொள்ளும். படங்கள் பத்திரமாக இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால், தப்பாகச் சில தடவை போட்டதும் 'பேட்டர்ன் மறந்துவிட்டதா?' என்று போனே கேட்டு, கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளே விட்டுவிடும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். "முன்னாடியெல்லாம் எடுத்துக் குடுத்தாங்களே" என்று கடையில் சண்டை போடுபவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் போன்.

அந்தப் போன்களில் பூட்டு வேறு, பொருள் வேறு. பூட்டு என்பது வாசலில் நின்று "யார் நீ?" என்று கேட்கும் காவலாளி மட்டும்தான். காவலாளியை நகர்த்திவிட்டால் உள்ளே எல்லாம் திறந்தே கிடக்கும். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதே வேறு மாதிரி. ஒவ்வொரு படமும், ஒவ்வொரு குறுஞ்செய்தியும் நினைவகத்தில் எழுதப்படும்போதே குலைத்து எழுதப்படுகிறது. இதைக் குறியாக்கம் என்கிறோம். அதைத் திரும்பப் படமாக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி 256 பிட் நீளமுள்ள ஓர் எண். இப்படி எத்தனை சாவிகள் இருக்க முடியும் என்று எழுதினால் 78 இலக்கம் வரும். குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்கிற காரியமில்லை.

சரி, அந்தச் சாவி எங்கே இருக்கிறது? பயன்படுத்தத்தக்க வடிவில் எங்கேயும் இல்லை. உறை போட்டு மூடி வைத்திருக்கும் அது, நீங்கள் பேட்டர்ன் போடும் அந்த நொடியில்தான் வெளியே வருகிறது.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் போடும் பேட்டர்ன் அல்லது பின் எண் அரிசி. அந்தப் போனின் சிப்புக்குள் மட்டும் இருக்கும் ரகசிய எண் உளுந்து. இரண்டையும் சேர்த்து ஆயிரக்கணக்கான சுற்று அரைத்தால் வருவது மாவு. அந்த மாவைக் கொண்டுதான் உண்மையான சாவியின் உறையைப் பிரிக்க முடியும். மாவைப் பார்த்து அரிசியை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. அரிசி ஒரு மணி மாறினாலும் முழுக்க வேறு மாவு வரும். ஐபோனில் அந்த உளுந்து, சிப் தயாராகும்போதே அதற்குள் பொறிக்கப்படும் 256 பிட் எண். அதைப் போனின் மென்பொருள்கூடப் படிக்க முடியாது. அதை வைத்து அரைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆப்பிளும் அதன் பிரதியை வைத்துக்கொள்வதில்லை. ஆண்ட்ராய்டில் பெயர்களும் பாகங்களும் வேறு, யோசனை இதேதான். இந்த முறையின் இன்றைய வடிவம் 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்தது. ஆண்ட்ராய்டு 10-உடன் சந்தைக்கு வந்த போன்களிலிருந்து அது கட்டாயம்.

ஆகவே மெமரி சிப்பைக் கழற்றி வேறு போனில் மாட்டினாலும் பயனில்லை. அரிசி சரியாகவே இருந்தாலும் உளுந்து வேறு. கடைத் தம்பிக்குத் திறமை குறைவு என்று நினைக்க வேண்டாம். சித்தியின் பேட்டர்ன் அந்தப் போனுக்கே தெரியாது. போட்டது சரியா என்று பார்க்கத்தான் தெரியும்.

இங்கேயே ரீசெட்டின் மர்மமும் விளங்கிவிடுகிறது. 64 ஜிபி போனில் இருக்கும் அத்தனையையும் ஒவ்வொன்றாக அழிக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும்! ஆனால் ரீசெட் சட்டென்று முடிந்துவிடுகிறது. முக்கியமாக அது அழிப்பது அந்த ஒரு சாவியைத்தான். சாவி போன பிறகு பேரனின் காதுகுத்துப் படங்கள் நினைவகத்தின் மூலையில் எங்கேயாவது மிச்சம் இருந்தாலும், அவை வெறும் இரைச்சல். அழித்த படத்தை மீட்டுத் தரும் மென்பொருள் என்று விளம்பரம் செய்கிறார்களே, அவற்றின் பாச்சா இதனிடம் பலிக்காது. அந்தக் காசுக்கு நல்ல பிரியாணி சாப்பிடலாம்.

அப்படியானால் எல்லாப் பின் எண்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால்? கணக்குப் போடுவோம். நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்பு. ஐபோனில் ஒரு முறை அரைக்கச் சுமார் 80 மில்லிவிநாடி ஆகும்படி வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறார்கள். 10,000 முறை என்றால் 800 விநாடி, பதின்மூன்று நிமிடம் சொச்சம். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்பு. அதற்கும் 22 மணி நேரம்தான். அரைப்பது மட்டும் போதாது என்பது தெரிகிறதா? அதனால்தான் காத்திருக்க வைக்கிறார்கள். சித்தியைக் கடுப்பேற்றிய அந்த 30 விநாடிதான் பூட்டின் பாதி பலம். ஆண்ட்ராய்டில் இதைக் கவனிக்கும் பகுதிக்குக் கேட்கீப்பர் என்று பெயர். அதன் அசல் விதிப்படி 30 தவறுக்குப் பின் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும். 140-ஐ எட்டினால் ஒரு முயற்சிக்கு ஒரு நாள். அந்த வேகத்தில் 10,000 எண்களையும் போட்டு முடிக்க 27 வருடம் ஆகும். ஐபோனில் பத்து தவறுக்குப் பின் எல்லாவற்றையும் அழித்துவிடும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் காத்திருப்புக்காக ஓர் அரசாங்கமே நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 2015 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளில் ஒருவரிடம் இருந்தது, வேலைக்காக உள்ளூர் நிர்வாகம் கொடுத்திருந்த ஐபோன் 5சி. போன் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கையில், போனுக்குச் சொந்தமான நிர்வாகத்தின் சம்மதமும் கையில். பின் எண் மட்டும் இல்லை. அவசரத்தில் அந்தப் போன் பேக்கப் எடுக்கும் ஐகிளவுட் என்ற ஆப்பிளின் இணையச் சேமிப்புக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். அதோடு, போன் தானாகவே புதிய பேக்கப் எடுப்பதற்கு இருந்த வாய்ப்பும் போயிற்று. பதற்றத்தில் கை வைத்துக் காரியத்தைக் கெடுப்பது எங்கள் சித்தி மட்டுமில்லை என்று எனக்கு ஓர் ஆறுதல்.

2016 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆப்பிளுக்கு உத்தரவு போட்டது. எஃப்பிஐ பின் எண்ணைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஆப்பிளிடமும் இல்லை. காத்திருப்பும் அழிப்பும் இல்லாத ஒரு தனி மென்பொருளைச் செய்து கொடு, எண்களை நாங்களே போட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு போனுக்குச் செய்தால் எல்லாப் போனுக்கும் கேட்பீர்கள் என்று ஆப்பிள் மறுத்தது. மார்ச் 28 அன்று, வேறு ஒருவர் உதவியால் திறந்துவிட்டோம் என்று சொல்லி அரசு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கே ஸ்கோரோபொகாடோவ் அதே மாடலை வைத்து இன்னொரு வழியைக் காட்டினார். அவர் செலவழித்த உதிரிபாகம் 100 டாலருக்கும் குறைவு. மெமரி சிப்பைக் கழற்றி அதை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார். சில எண்களைப் போட்டுப் பார்ப்பது. தவறுகளின் எண்ணிக்கை ஏறியதும் பழைய பிரதியைத் திரும்ப எழுதிவிடுவது. போன் எண்ணியதை மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கேரம் ஆட்டத்தில் ஸ்கோர் சீட்டையே மாற்றி வைப்பது மாதிரி. நான்கு இலக்கத்தை இரண்டு நாளுக்குள் முடித்துவிடலாம். அது 5சி என்பதால்தான் முடிந்தது. 2013-இலேயே 5எஸ் மாடலில் இரகசியங்களுக்கென்று தனி உறுப்பைச் சிப்புக்குள் வைத்துவிட்டார்கள். பிறகு வந்த போன்களில் தவறுகளை எண்ணும் வேலையும் இப்படியான பாதுகாப்பான மூலைக்குப் போய்விட்டதால், ஸ்கோர் சீட்டு ஆட்டக்காரன் கைக்கு எட்டுவதில்லை.

இவ்வளவு கணக்கும் சிப்பும் சேர்ந்து காக்கும் பூட்டை நாம் எப்படிப் போடுகிறோம்? ஒன்பது புள்ளியில் விதிப்படி வரையக்கூடிய பேட்டர்ன்கள் மொத்தம் 3,89,112. நான்கு இலக்கப் பின்னைவிட முப்பத்தெட்டு மடங்குக்கும் மேல். ஆனால் நார்வேயின் மார்ட்டே லோகே 2015-இல் சுமார் 4,000 பேட்டர்ன்களைச் சேகரித்துப் பார்த்தபோது, 44 சதவீதம் இடது மேல் மூலையில் தொடங்கின. நான்கு மூலைகளில் ஏதோ ஒன்றில் தொடங்கியவை 77 சதவீதம். ஆங்கில எழுத்து வடிவில் வரைபவர்களும் நிறைய. நம்மாட்களுக்கு இன்னும் வசதி: 'ட' ஒரே இழுப்பு, 'ப' ஒரே இழுப்பு. இரண்டும் அதே இடது மேல் மூலையில்தான் தொடங்கும்.

விரல் எண்ணெய் வேறு காட்டிக்கொடுக்கும். 2010-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாய்ந்த வெளிச்சத்தில் திரையைப் படமெடுத்தே பேட்டர்னைக் கண்டுபிடிக்கலாம் என்று நிரூபித்தார்கள். நானும் அன்று சித்தியின் போனைச் சாய்த்துப் பார்த்தேன். காலையிலிருந்து போட்ட தப்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, மார்கழிக் கோலம் போலத் தெரிந்தன.

கைரேகை இருந்திருந்தால் கொஞ்சம் வழி இருந்திருக்கும். சித்தி வைக்கவில்லை. ரேஷன் கடையிலேயே அவர் விரலை மிஷின் மூன்று தடவைக்குப் பிறகுதான் ஏற்கும், இதில் வேறா என்று விட்டுவிட்டார். வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பேட்டர்ன் மறந்துவிட்டது என்று தெரிந்தால் போனை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், தப்பாகப் போட்டுக்கொண்டும் இருக்காதீர்கள். முதலில் விரலை வைத்துத் திறந்து, படங்களையும் எண்களையும் வேறு இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். கைரேகை புதிதாகச் சாவி செய்வதில்லை. ஏற்கெனவே பேட்டர்ன் போட்டுச் செய்த சாவி போனுக்குள் விழித்திருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. போனை அணைத்தால் சாவி மறைந்துவிடும். தப்புகள் அளவு மீறினாலும் போன் கைரேகையை ஒதுக்கிவிட்டுப் பேட்டர்னைத்தான் கேட்கும். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பது டிவிக்குச் சரியான வைத்தியம், இதற்கு இல்லை.

கடையில் கடைசியில் ரீசெட்டே அடித்தோம். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்து, புதுப் போன் மாதிரி வணக்கம் சொன்னது. அப்புறம் வைஃபை இணைத்ததும் மறுபடி ஒரு பூட்டு: முன்பு இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கைக் காட்டு என்றது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த ஏற்பாடு இது, கடைகளில் எஃப்ஆர்பி லாக் என்பார்கள். ரீசெட் தொடாத ஒரு தனி இடத்தில் பழைய கணக்கின் அடையாளத்தைப் போன் ஒளித்து வைத்திருக்கும். திருடியவன் ரீசெட் அடித்து விற்கக் கூடாது என்பதற்காக. சித்திக்கோ மெயில் ஐடி ஒன்று இருக்கிறது என்பதே செய்தி.

"பைபாஸ் பண்ணித் தரட்டுமா? தனியா காசு ஆகும்" என்றான் தம்பி. இந்த பைபாஸில் எந்தக் குறியாக்கமும் உடைவதில்லை. தொடக்கத் திரையின் ஏதோ ஓர் ஓட்டை வழியாகக் கணக்கு கேட்கும் பக்கத்தைத் தாண்டிப் போவது, அவ்வளவே. போன் வேலை செய்யும். படங்கள் இதிலும் வராது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சித்தியின் மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஹைதராபாத்தில் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். போனை வாங்கிக் கொடுத்த அன்றே கணக்கைத் தொடங்கியவன் அவன்தான். "கேஸ் புக் கடைசிப் பக்கத்துல எழுதி வச்சேனே" என்றான்.

கேஸ் புத்தகம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பால் கணக்குக்கு நடுவே, நீல மையில், மெயில் ஐடியும் கடவுச்சொல்லும். போட்டதும் போன் வழிவிட்டது. அவன் அப்போதே கூகுள் போட்டோஸில் பேக்கப்பையும் போட்டுவிட்டுப் போயிருந்ததால் காதுகுத்துப் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. போனிலேயே சேமித்திருந்த எண்கள் போனது போனதுதான். பூக்காரம்மா எண்ணும் சிலிண்டர் போடுகிறவர் எண்ணும் அதில் இருந்தன.

புது லாக் வைக்கச் சொல்லிப் போன் கேட்டது. சித்தி முந்தானையை விரித்துத் திரையை மறைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் திரும்புடா" என்றார்.