நாலு ஃபைட்டுக்கு நாலு ஸ்கூப்பா?

டெக்வாண்டோ ஆடும் பிள்ளைகளின் கிட் பையில் இப்போதெல்லாம் ஹெட்கார்டுக்குப் பக்கத்திலேயே ப்ரீ-ஒர்க்அவுட் டப்பாவும் (ஆடுவதற்கு முன் வேகம் வர எடுத்துக்கொள்ளும் காஃபின் கலந்த பவுடர்) இருக்கிறது. ஒரே நாளில் மூன்று, நான்கு ஃபைட். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்கூப். சாயங்காலம் கைநடுக்கம், படபடப்பு, வாந்தி என்று தூக்கி வருகிறார்கள். கேட்டால், "காலையில போட்டது எப்பவோ இறங்கியிருக்குமே, டாக்டர்!"

இறங்காது. உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்கு ஒரு ஸ்கூப், 200 மி.கி. மதியம் 1 மணிக்கு அதில் 130 மிச்சம். இன்னொரு 200 போட்டால் 330. மாலை 5 மணிக்கு அதில் 190 நிற்கும். அரையிறுதிக்கென்று மூன்றாவது ஸ்கூப், ஆக 390. 49 கிலோ பிரிவுப் பெண்ணுக்கு இது கிலோவுக்கு 8 மி.கி. பலன் கிடைப்பது 3 முதல் 6 வரைதான். 9-க்குப் போனாலும் ஆட்டம் மேம்படாது, நடுக்கம்தான் கூடும். காலையில் குடித்த ஃபில்டர் காபியை இதில் நான் சேர்க்கவே இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் காஃபின் வெளியேற ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதும் தனிக்கதை.

ஸ்கூப் எல்லோருக்கும் ஒரே அளவு. அதில் 300 மி.கி. காஃபின் இருந்தால், 80 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 4-க்குள் அடங்கும். 49 கிலோவுக்கு ஒரே ஸ்கூப்பில் 6-ஐத் தாண்டிவிடும். சுத்தமான காஃபின் பவுடரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஒரு டீஸ்பூனே உயிருக்கு ஆபத்து.

எடை குறைக்கவும் இது உதவாது. காபி பழகிய உடம்பில் சிறுநீர் பெரிதாக அதிகரிக்காது. தண்ணீர் குடிக்காமல், சானா சூட் (வியர்க்க வைக்கும் உடை) மாட்டி ஓடிக்கொண்டே காஃபினும் போடுவது இதயத்தோடு விளையாடுவது.

2004 ஜனவரியிலிருந்து வாடாவின் (உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை) தடைப் பட்டியலில் காஃபின் இல்லை, சரி. அதே டப்பாவில் மெத்தில்ஹெக்ஸனமின் என்ற ஊக்கமருந்து கலந்திருந்தால்? அது தடை செய்யப்பட்டது. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் விடமாட்டார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் எடை பார்த்து முடிந்ததும் முதலில் ஓ.ஆர்.எஸ்., பிறகு சோறு. காஃபின் வேண்டுமென்றால் கிலோவுக்கு 3 மி.கி., நாளுக்கு ஒரே முறை, கடினமான ஃபைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. அதையும் பயிற்சியில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளும் ஃபைட் இருந்தால் மாலையில் தொடாதீர்கள், தூக்கம் போய்விடும்.

கோச்சுகளே, தயவுசெய்து: பிள்ளை நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று சொன்னால் "அடுத்த ரவுண்டு முடியட்டும்" என்று சொல்லாதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.