நீர்ப்பை வலிக்காரருக்கு எந்தத் தண்ணீர்?

வேலூரில் ஒரே வீட்டுக்குள் நான்கு வகைத் தண்ணீர் இருப்பது சாதாரணம். சில நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் காவிரித் தண்ணீர், மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் போர் தண்ணீர், சமையலறைச் சுவரில் ஆர்.ஓ., விருந்தாளி வந்தால் கடையிலிருந்து வந்து இறங்கும் இருபது லிட்டர் கேன். இவற்றில் எதைக் குடித்தால் எரிச்சல் அடங்கும் என்பதுதான் நீர்ப்பை வலியோடு வருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. நான் உணவியல் ஆலோசகர். சிறுநீரகவியல் மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதிய பிறகு, சாப்பாடும் தண்ணீரும் என் பங்கு.

நான் சொல்லும் நோய் சாதாரண நீர்க்கடுப்பு அல்ல. மருத்துவத்தில் இதற்கு இன்டர்ஸ்டீசியல் சிஸ்டைட்டிஸ் என்று பெயர். நீர்ப்பை நிரம்ப நிரம்ப வலிக்கும். போய்விட்டு வந்தால் சற்று ஆறுதல். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவசரம். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லை என்றே வரும். பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. நீர்ப்பையின் உட்சுவரைக் காக்கும் மெல்லிய படலம் பழுதாகி, சிறுநீரில் உள்ள பொட்டாசியம் போன்றவை உள்ளே கசிந்து நரம்புகளைச் சீண்டுகின்றன என்பது மருத்துவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. இதை உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெந்தயத்தையும் மருந்துக்கடை ஆன்டிபயாடிக்கையும் மாற்றி மாற்றி விழுங்கியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், நான் ஒரு எதிர்க்கேள்வி கேட்பேன்: காலையிலிருந்து எவ்வளவு குடித்தீர்கள்? பெரும்பாலும் ஒரு சங்கடமான சிரிப்புதான் வரும். ஆரணி பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கழிப்பறை கிடையாது என்பதால் காலைக் காபியோடு நிறுத்திக்கொள்ளும் ஆசிரியை. இடைவேளை மணி அடிக்கும்வரை எழுந்து போக முடியாததால் பாட்டிலைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காத காலணித் தொழிற்சாலைப் பெண்கள். தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போனால் வலிக்கும், ஆகவே குடிப்பதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிக்காதபோது சிறுநீர் திரண்டு அடர் மஞ்சளாகிறது. பழுதான உட்சுவரை அது இன்னும் கடுமையாகச் சீண்டும். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், வியர்வையில் போவது போக நீர்ப்பைக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான்.

இதற்கு மறுகோடியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஒரே மூச்சில் ஒரு சொம்பு. யாரோ ஒரு வீடியோவில் சொன்னதாம். நீர்ப்பை திடீரென்று விரிந்து அன்று முழுவதும் வலி. இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மணிக்கு ஒருமுறையோ இருமுறையோ அரை டம்ளர், மிடறு மிடறாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்கு. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் குறைத்துக்கொள்ளலாம். இதயமோ சிறுநீரகமோ பழுதாகி, மருத்துவர் அளவு வகுத்துக் கொடுத்தவர்களுக்கு அந்த அளவுதான் கணக்கு.

இனித் தண்ணீருக்கு வருவோம். வலியில் இருப்பவர்களிடம் எதையும் விற்றுவிடலாம் என்பதற்குச் சிறந்த உதாரணம், தண்ணீரைக் காரத்தன்மையாக்கித் தருவதாகச் சொல்லும் அல்கலைன் தண்ணீர் இயந்திரம். ஒரு நோயாளியின் வீட்டில் விற்பனையாளர் செய்துகாட்டிய வித்தையை அந்த நோயாளி போனில் படம் எடுத்து வந்திருந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை முக்கி மின்சாரம் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் துருநிறமாகக் கலங்குகிறது. "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்கிறார் விற்பனையாளர். உண்மையில் அந்த அழுக்கு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாயாது, நிறமும் மாறாது. அதிலே ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும்.

காரத்தன்மையுள்ள தண்ணீர் குடித்தால் சிறுநீரும் காரமாகி எரிச்சல் போய்விடும் என்பது அடுத்த வாக்குறுதி. வயிற்றில் இருக்கும் அமிலத்தைத் தாண்டித்தான் எந்தத் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். சிறுநீர் அமிலமாக இருப்பதா, காரமாக இருப்பதா என்பதை ரத்தத்தின் சமநிலையைப் பார்த்து முடிவு செய்வது சிறுநீரகம். பைகார்பனேட் நிறைந்த சில ஊற்று நீர்கள் அதைச் சற்று நகர்த்தும் என்பது உண்மைதான். சுவரில் மாட்டிய பெட்டிக்கு அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுக்க அவசியமில்லை. ஆர்.ஓ. தண்ணீர் லேசான அமிலத்தன்மை கொண்டது என்று பயப்படுபவர்களுக்கும் இதே பதில்தான். அதில் அமிலத்தின் அளவு மிகச் சொற்பம். பலருக்கு எரிச்சலைக் கூட்டும் காபியை விடாமல், தண்ணீரின் பி.எச். என்ற அமில-கார அளவைத் துரத்துவது வீண் வேலை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்; 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கே அதைப் பற்றியதுதான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்கள் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்கவே கூடாது. பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை மட்டுமே சொல்லும். இந்தியத் தர நிர்ணயப்படி அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஆனால் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். அந்த மீட்டருக்கு இது கண்ணில் படாது. நைட்ரேட்டும் கிருமியும் இருப்பதைத் தனியாகப் பிரித்துச் சொல்லவும் அதற்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குளோரின் வாடை போகும். நைட்ரேட்டும் உலோகமும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் காவிரித் தண்ணீர் கிடைக்கிற வீட்டில் அதையே கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் போதும் என்பேன். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போனதும் இந்தக் காவிரித் தண்ணீர்தான். போர் மட்டுமே கதி என்றால் ஆர்.ஓ. வேண்டும். அதை மாட்ட வருபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சுவைக்காகக் கச்சாத் தண்ணீரைக் கலக்கும் திருகு இதில் இருக்கிறதா? சப்பென்று இருக்கிறது என்று நாம் சொன்னதும் அதைத்தான் திருகிவிட்டுப் போகிறார்கள். வடிகட்டி எடுத்த அசுத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாக மறுபடி டம்ளருக்கு வந்துவிடுகிறது. கேன் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அடைத்த தேதியும் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வையுங்கள்.

சுத்தமான தண்ணீருக்குள்ளும் ஒன்று ஒத்துக்கொள்கிறது, இன்னொன்று எரிகிறது என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். வலி அடங்கியிருக்கும் காலத்தில், சாப்பாட்டை மாற்றாமல் தண்ணீரை மட்டும் இரண்டு வாரம் மாற்றுங்கள். குடித்த அளவு, போன நேரம், வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு பழைய தண்ணீருக்குத் திரும்பிப் பாருங்கள். வேறுபாடு மறுபடி தெரிந்தால்தான் அது தண்ணீரின் வேலை. பலருக்குக் கடைசியில் தெரிய வருவது வேறு: உப்புக் கரித்த நீரையோ குளோரின் வாடை அடித்த நீரையோ அவர்கள் குறைவாகக் குடித்திருக்கிறார்கள். வாய்க்குப் பிடித்த தண்ணீருக்கு மாறியதும் அளவு கூடி, எரிச்சல் குறைந்திருக்கிறது.

தண்ணீரில் கலப்பவை தனிக்கதை. கோலி சோடா, பன்னீர் சோடா இரண்டும் பலருக்கு ஆவதில்லை. நன்னாரி சர்பத்தில் எலுமிச்சையைத் தவிர்த்துவிடலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிலருக்கு இதம், சிலருக்கு எரிச்சல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். எரிச்சல் வந்ததும் மருந்துக்கடையில் வாங்கும் சிட்ரேட் சிரப்புக்கும், ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை. ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆப்ப சோடாவின் சோடியம் கூடுதல் தொல்லை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் தண்ணீர்ச் சோதனையை அப்படியே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும், வீட்டுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையையும், குடித்துக்கொண்டிருக்கும் சிரப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள்.