அவதார்: ‘ம்’ தொலைத்து வந்த சொல்

விளையாட்டுச் செயலியைத் தமிழுக்கு மாற்றினால் ‘உங்கள் அவதாரைத் தேர்ந்தெடுக்கவும்’ என்கிறது. அவதாரை! யோகம் போய் யோகாவாக வந்ததுபோல, இதுவும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டு, கடைசி ‘ம்’மைத் தொலைத்துத் திரும்பியிருக்கிறது.

வடமொழியில் ‘அவ’ என்றால் கீழே. ‘த்ரு’ என்றால் கடத்தல். கடந்து கீழே இறங்கி வருவது அவதாரம். தீர்த்தத்துக்கும் அதே வேர்தான்: ஆற்றைக் கடக்க இறங்கும் துறை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சமயப் பொருளோடுதான் ஆங்கிலத்துக்குப் போனது.

கணினிப் பொருள் 1980களின் நடுவில் ஒட்டிக்கொண்டது. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் ‘ஹேபிடாட்’ என்றொரு விளையாட்டைச் செய்தார்கள். கொமடோர் 64 கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்தால், முகம் தெரியாத பலர் ஒரே ஊருக்குள் உலவலாம். அந்த ஊரில் இறங்கும் உருவத்துக்கு அவதார் என்று பேர் வைத்தார்கள். ஆக, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் தெய்வம்!

பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் ‘தமர்உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே’ என்கிறார். அடியார் விரும்பிய உருவமே திருமாலின் உருவம். அடுத்த வரியில் பேருக்கும் அதையே சொல்கிறார்: அடியார் விரும்பிய பேரே அவன் பேர். ப்ரொஃபைல் படம், யூசர்நேம் என்று நாம் நிரப்புவதும் இந்த இரண்டைத்தான். ஆனால் இங்கே அடியார் யாரும் கிடையாது. நம் உருவத்தை நாமே தேர்ந்தெடுத்து நாமே உகந்துகொள்கிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? அவதாரத்துக்குத் ‘தோற்றரவு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அது கோயிலுக்குப் பொருந்தும். வாட்ஸ்அப் படத்துக்குச் சொன்னால் சிரிப்பு வரும். அதற்கு ‘முகப்புப் படம்’ போதும். ‘அவதாரம்’ என்றே எழுதலாமே என்றால், நடிகர் படம் இயக்கினாலே ‘புதிய அவதாரம்’ என்று தலைப்புப் போட்டு அதை ஏற்கெனவே தேய்த்துவிட்டோம்.

விளையாட்டில் நடமாடும் உருவத்துக்கு என் ஓட்டு ‘பாவை’க்கு. நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தை வள்ளுவர் ‘மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று’ என்கிறார் (குறள் 1020). மரப்பொம்மை கயிற்றின் இழுப்பில் உயிருள்ளதுபோல் மயக்குகிறது. நாண் என்றால் வெட்கம், நாண் என்றால் கயிறு; முகத்தை மறைத்துக்கொண்டு வசைபாடும் கணக்குகளுக்கும் சேர்த்தே எழுதியதுபோல் இருக்கிறது. ஹேபிடாட்காரர்களுக்கும் பொம்மலாட்டம்தான் மனதில் இருந்தது. கயிற்றுக்குப் பதில் தொலைபேசிக் கம்பி, அவ்வளவுதான்.

போன வாரம் அக்கா பையன் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். திரையில் அவன் பாவை தனியாக நின்றுகொண்டிருந்தது. கையில் வாள், மார்பு மட்டும் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலேயே, தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தது.