டிவி விவாதத்தில் உங்களைக் குற்றவாளியாக்கிவிட்டார்களா? புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது

இரவு எட்டு மணி விவாதத்தில் ஓர் ஊரையோ ஒரு சமூகத்தையோ ஒரு போராட்டத்தையோ பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிழிக்கிறார்கள். பதில் சொல்ல வந்தவர் வாயைத் திறந்ததும் ஒலியை அடைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்கள். மனு அங்கிருந்து செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குப் போகிறது, அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. இரண்டு மாதம் கழித்து ‘இது மத்திய அரசின் பொருள்’ என்று ஒரு வரிக் கடிதம் வருகிறது. சேனலுக்குப் புகார் கொடுக்க இருந்த 7 நாள் கெடு அதற்குள் எப்போதோ முடிந்துபோயிருக்கும். பெரும்பாலான நியாயமான புகார்கள் இப்படித்தான் சாகின்றன.

சட்டம் இதுதான்: 1995 கேபிள் டிவி சட்டம், அதன் கீழ் வரும் 1994 விதிகள். 2021 ஜூன் 17 அன்று வந்த திருத்தம் மூன்று படிகளை வைத்தது. முதலில் சேனல், அடுத்து அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்பு, கடைசியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். எந்தப் படியையும் தாண்டிக் குதித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில், போகக் கூடாத இடங்கள்

பிரஸ் கவுன்சிலுக்கு எழுதாதீர்கள். அதன் அதிகாரம் பத்திரிகைகளோடும் செய்தி முகமைகளோடும் முடிந்துவிடுகிறது, டிவி அதில் வராது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும் எழுதாதீர்கள். கேபிள் கட்டணம், டிடிஎச் சேவை போன்றவைதான் அவர்கள் வேலை, நிகழ்ச்சியில் என்ன பேசினார்கள் என்பது அவர்கள் பொறுப்பில்லை. மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் முதல் நாளே பதிவு செய்வதும் வீண். சேனலுக்குப் புகார் கொடுத்த ஆதாரம் இல்லாமல் போனால் ‘உரிய அமைப்பை அணுகவும்’ என்று முடித்துவைக்கத்தான் வழி செய்து கொடுக்கிறோம்.

கலெக்டரிடம் போவதில் பயன் உள்ள ஓர் இடம் உண்டு: உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் நடத்தும் சேனல். மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் கலெக்டர்தான். கேபிள் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அலுவலரும் அவரே. செயற்கைக்கோள் சேனல் என்றால் அந்தக் குழு செய்யக்கூடியது மேலே அனுப்பிவைப்பது மட்டும்தான்.

போலீசுக்கோ நீதிமன்றத்துக்கோ போவது உங்கள் உரிமை. மதப் பகையைத் தூண்டும் பேச்சு என்றால் அது கட்டாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் வரிசையை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். பெரிய செய்திச் சேனல்கள் சேர்ந்துள்ள என்பிடிஏ சங்கத்தின் தர ஆணையமான என்பிடிஎஸ்ஏவில் புகார் கொடுக்கும்போது, இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். வழக்கைப் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

‘ஒருதலைப்பட்சம்’ என்று எழுதினால் தோற்றீர்கள்

ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. 1994 விதிகளில் 6-வது விதிதான் நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை. அதில் ‘பக்கச்சார்பு’ என்ற குற்றமே கிடையாது. இருப்பவை வேறு: மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, அவதூறு, வேண்டுமென்றே சொல்லும் பொய், அரைகுறை உண்மை, வன்முறையைத் தூண்டுவது, ஒரு தனிநபரையோ சமூகத்தின் ஒரு பிரிவையோ இழிவுபடுத்துவது. உங்கள் குறை இவற்றில் எதில் பொருந்துகிறது என்று நீங்களே எழுதிக்கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் யாரும் உங்களுக்காகத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நடுநிலை பற்றிய வாசகம் என்பிடிஏவின் நெறிமுறைத் தொகுப்பில்தான் இருக்கிறது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. எல்லாத் தரப்புக்கும் சமமான நேரம் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. முக்கியத் தரப்புகளின் கருத்து வர வேண்டும், குற்றச்சாட்டை உண்மைபோலக் காட்டக் கூடாது, வழக்கு இருப்பதாலேயே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறது. அதனால் ‘அவர்கள் பக்கம் மூன்று பேர், எங்கள் பக்கம் ஒருவர்’ என்ற புகார் அநேகமாக நிற்காது. ‘நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை நெறியாளர் தன் வாயால் உண்மையாகச் சொன்னார்’ என்பது நிற்கும்.

விருந்தினர் பேசியதற்கும் நெறியாளர் பேசியதற்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். ‘அது பங்கேற்பாளரின் சொந்தக் கருத்து, சேனலின் கருத்து அல்ல’ என்பதுதான் எல்லாச் சேனலும் அனுப்பும் முதல் பதில். எனவே நெறியாளரின் வாக்கியங்கள், திரையில் ஓடிய தலைப்பு, கீழே ஓடிய ஸ்க்ரோல், ஹேஷ்டேக் இந்த நான்கையும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். இவை முழுக்க சேனலின் கைவேலை, பழியை வேறு யார்மீதும் தள்ள முடியாது.

2022 ஏப்ரலில் நியூஸ்18 இந்தியா ஹிஜாப் பற்றி நடத்திய விவாதம் நல்ல எடுத்துக்காட்டு. ஹிஜாபுக்காகப் பேசிய மாணவிகளையும் விருந்தினர்களையும் நெறியாளர் அல்-கொய்தாவோடு முடிச்சுப் போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் என்பிடிஎஸ்ஏ 50,000 ரூபாய் அபராதம் விதித்து, வீடியோவை நீக்கவும் உத்தரவிட்டது. அங்கே சிக்கியது நெறியாளரின் சொற்களும் திரைத் தலைப்பும்தான்.

பேப்பரும் பேனாவும் எடுத்து உட்காருங்கள்

வீடியோவை முதலில் இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். யூடியூப் இணைப்பை மட்டும் நம்பினால், புகார் போன மறுநாள் அது காணாமல் போகும். ஒளிபரப்பிய பதிவை 90 நாள் வைத்திருப்பது சேனலின் கடமை. அதைத் தாண்டிவிட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

பிறகு ஒரு தாளில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: நேரம், யார் சொன்னது, சொன்னது அப்படியே. ‘நெறியாளர் மோசமாக நடந்துகொண்டார்’ என்ற வரியை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

‘17-வது நிமிடம் 20-வது விநாடி. நெறியாளர்: “இந்த ஊர்க்காரர்கள்தான் கலவரத்தைத் திட்டமிட்டார்கள்.” அன்றைய தேதியில் வழக்கில் குற்றப்பத்திரிகைகூட தாக்கலாகவில்லை. 17-வது நிமிடம் 31-வது விநாடி. ஊர்த் தரப்பு விருந்தினர் மறுக்கத் தொடங்குகிறார், 4 விநாடியில் ஒலி அடைக்கப்படுகிறது. அடுத்த 6 நிமிடம் அவர் முகம் திரையில் இருக்கிறது, குரல் இல்லை. விதி 6-இன் அவதூறு, அரைகுறை உண்மைப் பிரிவு மீறப்பட்டுள்ளது.’

இந்த மாதிரி நான்கைந்து இடம் போதும். முப்பது இடம் எழுதினால் படிப்பவர் பலவீனமான இரண்டைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார். தமிழ் விவாதம் என்றால் அந்த இடங்களுக்கு மட்டும் ஆங்கில மொழிபெயர்ப்பை அருகிலேயே வையுங்கள். முடிவெடுப்பவர்கள் டெல்லிப் பக்கம் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு கேட்டு ஒரு கடிதம், அதற்குப் பதில் என்று மாதங்கள் ஓட விடாதீர்கள்.

நாள் கணக்கு

இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓடுகின்றன, அதனால்தான் குழப்பம். என்பிடிஎஸ்ஏ விதிப்படி, முதல் ஒளிபரப்பிலிருந்து 7 நாளுக்குள் சேனலுக்குப் புகார் போக வேண்டும். நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்த நாளிலிருந்து அல்ல. மறுஒளிபரப்பும் கணக்கில் வராது. சேனல் 7 வேலை நாளுக்குள் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், அடுத்த 14 நாளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். அரசின் 2021 விதியோ வேறு சொல்கிறது: சேனல் 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதன்பின் 15 நாளுக்குள் மேல்முறையீடு, அமைப்பு 60 நாளில் முடிக்க வேண்டும், அதன்மீது அமைச்சகத்துக்குப் போக இன்னொரு 15 நாள்.

எது குறைவோ அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளே சேனலுக்குப் புகார் போய்விட வேண்டும்.

சேனல் இணையதளத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பது விதி. பல தளங்களில் அது அடியில் எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும். கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தையே தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதுவும் ஆதாரம். மின்னஞ்சலோடு நிற்காமல் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். நிருபரிடமோ செய்தி ஆசிரியரிடமோ போனில் பேசியது புகார் ஆகாது. ‘பார்த்துக்கொள்கிறோம் சார், விட்டுவிடுங்கள்’ என்று ஏழு நாளையும் இழுத்துவிடுவார்கள்.

சேனல் எந்த அமைப்பில் உறுப்பினர் என்பதை அந்தந்த அமைப்பின் தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். என்பிடிஏ ஒன்று, செய்திச் சேனல்களின் வேறொரு சங்கமான என்பிஎஃப் இன்னொன்று. என்பிஎஃப் சேனலுக்கான புகாரை என்பிடிஎஸ்ஏவுக்கு அனுப்பினால் அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உங்கள் நாட்களும் திரும்பி வராது. எதிலும் இல்லாத சேனல் என்றால், 15 நாள் முடிந்ததும் நேராக அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

உங்களுக்கு இழப்பீடாக ஒரு ரூபாய்கூட வராது. கண்டனம், எச்சரிக்கை, திரையில் மன்னிப்பு, வீடியோ நீக்கம், அபராதம், இவைதான் கிடைக்கக்கூடியவை. அபராதமும் பாதிக்கப்பட்டவருக்குச் சேராது. 2024 பிப்ரவரியில் ‘லவ் ஜிகாத்’ நிகழ்ச்சி ஒன்றுக்காக டைம்ஸ் நவ் நவபாரத்துக்கு என்பிடிஎஸ்ஏ விதித்தது 1 லட்சம் ரூபாய். ஒரு செய்திச் சேனலுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் எந்த வகையில் தடையாகும் என்று உச்ச நீதிமன்றமே அதற்கு முன்பு, 2023 ஆகஸ்டில் கேட்டிருக்கிறது. அதனால் மனுவின் கடைசிப் பத்தியில் அபராதத்தைவிட அழுத்தமாக இரண்டைக் கேளுங்கள்: யூடியூப் உட்பட எல்லா இடத்திலிருந்தும் வீடியோவை நீக்குவது, அதே நேர நிகழ்ச்சியில் மன்னிப்பை வாசிப்பது. கேட்காததைத் தாங்களாகக் கொடுப்பார்கள் என்று இருக்காதீர்கள்.

அமைச்சகத்துக்குப் போன மேல்முறையீடு அசையாமல் கிடந்தால், சேனலுக்கு ஆர்டிஐ போட முடியாது, அமைச்சகத்துக்குப் போடலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ‘இந்தத் தேதியிட்ட என் மேல்முறையீடு எந்தக் கோப்பில் உள்ளது, எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, கோப்புக் குறிப்புகளின் நகல் தருக’ என்று கேளுங்கள்.