வயிறு நிறைய சோறு, ஆனாலும் ரத்தம் ஏன் ஊறவில்லை?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் குழந்தையின் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்தது. நாடு முழுக்க 67.1. குறையவில்லை, ஏறியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இரும்பு இல்லாமல் உருவாகாது. பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவரும் இரும்பு சுமார் ஆறு மாதம் தாங்கும். அப்புறம்தான் சிக்கல், ஏனென்றால் ஒரு வயதுக்குள் எடை மூன்று மடங்காகிறது, ரத்தமும் அதற்கேற்பப் பெருக வேண்டும், தாய்ப்பாலிலோ இரும்பு கொஞ்சம்தான். சரியாக அந்த நேரத்தில் நாம் என்ன ஊட்டுகிறோம்? குழைத்த சோறு, பருப்புத் தண்ணீர், ரசம், பால்சாதம். தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு இரும்பும் போய்விடுகிறது. மிச்சமிருப்பதையும் தானியத்திலும் பருப்பிலும் இயற்கையாகவே உள்ள பைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தால் இன்னும் மோசம், பால் அதிகமானாலும் அப்படித்தான்.

ஆக, தட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைவிட அதில் எவ்வளவு உடம்பில் ஏறுகிறது என்பதுதான் கணக்கு. மீன், ஈரல், கறியில் உள்ள இரும்பு எளிதாக ஏறும். முருங்கைக்கீரையில் உள்ளது அவ்வளவு சுலபமாக ஏறாது, ஆனால் கீரை மசித்த சோற்றில் எலுமிச்சை பிழிந்தால் வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு பக்கம், உள்ளதும் போகிறது. வாழைக்கொல்லை, வாய்க்கால் ஓரம் என்று நிழலும் ஈரமுமான மண்ணில் மலம் கலந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வளரும், வெறுங்காலில் தோல் வழியாக ஏறிக் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரை அதற்காகத்தான். அடிக்கடி காய்ச்சல் வந்தாலும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போவதைத் தடுத்துவிடும்.

குழந்தை அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி பச்சரிசியை நறநறவென்று மெல்கிறதா, சுவரைச் சுரண்டித் தின்கிறதா? "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்று பாட்டி சிரிப்பார், ஆனால் அது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் பொதுவாகச் சோகைதான், காரணம் இரும்பா, பி12 குறைவா என்று டாக்டர் பார்ப்பார்.

ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்பு டானிக் தருவது அரசுத் திட்டம். குடித்த பிறகு மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாட்டிலை ஓரம் கட்டுகிறார்கள். உடம்பில் ஏறாத இரும்பின் நிறம்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் நிறுத்தி, சரியானதும் தொடருங்கள், பாட்டிலை மட்டும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.