சொல் விளக்கம்: முதன்மை எண், பகா எண்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு 2, 3, 5, 7, 11 எல்லாம் ‘முதன்மை எண்கள்’. அரசாங்கப் பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. அதே பிள்ளை வெள்ளவத்தையில் ரியூசன் முடிந்து வீட்டுக்கு வந்து தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் காணொளியைப் போட்டால், அவர் ‘பகா எண்’ என்கிறார். பிள்ளை குழம்பத் தேவையில்லை, இரண்டும் ஒன்றே: 1ஐவிடப் பெரியது, 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுவது.

‘முதன்மை’ கிரேக்கத்திலிருந்து வந்த கருத்து. யூக்கிளிட் இவற்றை ‘புரோட்டோஸ்’, அதாவது முதலாவது என்றார். இலத்தீனில் ‘பிரிமுஸ்’, ஆங்கிலத்தில் ‘பிரைம்’. சிங்களப் பாடநூலின் ‘பிரதமக’வும் இதே பொருள்தான்.

‘பகா’ நம் இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ள வார்ப்பு. ‘பகு’ என்றால் பிரி. பகாதது பிரிக்க முடியாதது. ‘பொன்னன்’ என்பதைப் பொன் + அன் என்று பிரிக்கலாம், அது பகுபதம். ‘நிலம்’, ‘நீர்’ என்பவற்றைப் பிரித்தால் பொருள் தராது, அவை பகாப்பதம். நன்னூல் சொல்லுக்குச் செய்த பாகுபாடு எண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்குப் பிடித்த சொல் இதுதான். எதைச் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

பெரிய எண்ணில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணித அறிஞர் பெர்மா 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் 1ஐக் கூட்டி 3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசையைக் கண்டார். ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டிய 4294967297, நானூற்று இருபத்தொன்பது கோடிக்கும் மேல். அதுவும் பகாது என்றே அவர் நம்பினார். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 65536, அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? 1732இல் கணித அறிஞர் ஒயிலர் அதைப் பகுத்துக் காட்டினார்: 641 × 6700417. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64ஆல் வகுக்கும்போது 1 மீதி தர வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படி மீதி தரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை. கடதாசியும் பேனையும் போதும், நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

‘1உம் பகாதுதானே?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1ஐச் சேர்த்தால் 6ஐ 2 × 3 என்றும் 1 × 2 × 3 என்றும் 1 × 1 × 2 × 3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம். எந்த எண்ணையும் பகா எண்களாகக் காரணிப்படுத்தும் வழி ஒன்றே ஒன்றுதான் என்ற விதி அதோடு உடைந்துவிடும். அதனால் 1ஐ வெளியே வைக்கிறோம்.

சாதாரண தரப் பரீட்சையில் ‘முதன்மை எண்’ என்றே எழுதுங்கள். காணொளியில் ‘பகாக் காரணி’ என்றால் நம் ‘முதன்மைக் காரணி’, ‘மீ.பெ.கா.’ (மீப்பெரு பொதுக் காரணி) என்றால் நம் ‘பொ.கா.பெ.’ (பொதுக் காரணிகளுட் பெரியது).