செவ்வாயில் உப்பு செய்த வேலை

2008 ஜூன் மாதம். செவ்வாயின் வட துருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் தன் இயந்திரக் கையால் மண்ணைத் தோண்டியது. பள்ளத்தில் பகடைக்காய் அளவில் சில வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பாக இருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். உறைந்த கார்பன் டை ஆக்சைடு என்றால் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. ஆக, அது தண்ணீர்ப் பனிக்கட்டிதான்.

ஆனால் அது உருகிக் காணாமல் போகவில்லை, நேராக ஆவியாகிவிட்டது. செவ்வாயின் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார். பூமியின் கடல்மட்டத்தில் அது 1013. தண்ணீர் திரவமாக நிற்கவே 6.1 மில்லிபாராவது வேண்டும். தாழ்வான பகுதிகளில் அழுத்தம் கொஞ்சம் கூடும் என்றாலும் அங்கே தண்ணீர் சில டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும்.

உப்பு கலந்தால் கதை வேறு. அதே ஃபீனிக்ஸ், மண்ணை நீரில் கலக்கிச் சோதித்தபோது குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த பெர்குளோரேட் உப்பு சிக்கியது. மெக்னீசியம் பெர்குளோரேட் செறிவாகக் கரைந்த நீர் மைனஸ் 60 டிகிரியிலும் உறையாது, சட்டென்று ஆவியாகவும் செய்யாது. நல்ல செய்திதானே என்று நானும் முதலில் நினைத்தேன்.

உயிரைத் தேடுபவர்களுக்கோ இதே உப்பு வினையாக வந்து வாய்த்தது. 1976இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, உயிர்களின் உடலுக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் (கார்பன் சேர்மங்கள்) வெளிவருகின்றனவா என்று பார்த்தன. குளோரின் கலந்த குளோரோமீத்தேன் மாதிரி ஒன்றிரண்டுதான் தென்பட்டன. பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

பெர்குளோரேட் குளிரில் சாது. சூடேறினால் ஆக்சிஜனைக் கக்கும். திட எரிபொருள் ராக்கெட்டுகளில் அதைச் சேர்ப்பதே இதற்காகத்தான். மண்ணில் கரிமம் இருந்திருந்தால் சோதனை அடுப்பிலேயே எரிந்து போயிருக்கும்! 2010இல் வெளியான ஆய்வில் சிலி நாட்டின் வறண்ட அடகாமா பாலைவன மண்ணோடு இந்த உப்பைச் சேர்த்துச் சூடாக்கியபோது அதே குளோரோமீத்தேன் வந்தது. அப்படியென்றால் வைக்கிங் பார்த்ததும் செவ்வாய் மண்ணின் கரிமத்திலிருந்தே வந்திருக்கலாம்.

பின்னர் கியூரியாசிட்டி ஊர்தி, கேல் பள்ளத்தின் 300 கோடி ஆண்டுப் பழைய ஏரிச் சேற்றுப் பாறையில் கரிமத்தைக் கண்டது, 2018இல் அறிவித்தார்கள். கரிமம் இருந்தால் உயிர் இருந்தது என்றாகாது. விண்கற்களும் அதைக் கொண்டுவந்து கொட்டும்.

ஐரோப்பா 2028இல் அனுப்பத் திட்டமிட்டிருக்கும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2 மீட்டர் ஆழம் வரை துளையிடும். அதில் அடுப்போடு லேசரும் உண்டு. ஒவ்வொரு லேசர் துடிப்பும் நானோநொடிக் கணக்கில்தான் நீடிக்கும். பெர்குளோரேட் சிதையத் தொடங்குமுன் கரிம மூலக்கூறுகள் மண்ணைவிட்டுக் கிளம்பியிருக்கும்.